குடுமி யார் கையில்?

தென் கொரியா எப்படி முன்னுக்கு வந்தது? விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். 'ஏற்றுமதி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால், ஏற்றுமதி செய் என்றதும் கைகட்டிச் செய்வதற்கு முதலாளிகள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா?

1961 மே 16. ராணுவ ஜெனரல் பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். முறைகேடாகச் சொத்து சேர்த்தார்கள் என்று பெரிய தொழிலதிபர்களை அள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். சாம்சங்கின் நிறுவனர் லீ பியுங் சுல் அப்போது ஜப்பானில் இருந்தார். திரும்பி வந்து பார்க்கைச் சந்தித்தார். பேரம் படிந்தது. ஜெயில் வேண்டாம், அபராதம் கட்டு, தொழிற்சாலை கட்டு!

வங்கிகளும் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தன. அதுதான் சூட்சுமம். ஏற்றுமதி செய்தால் குறைந்த வட்டிக்குக் கடன். இலக்கைக் கோட்டை விட்டால்? வங்கிக் கதவு அப்புறம் லேசில் திறக்காது. முதலாளியின் குடுமி அரசாங்கத்தின் கையில்.

பலன் கிடைத்தது. 1964-ல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி, 1977-ல் 1,000 கோடி டாலரானது. பதிமூன்றே வருடம், நூறு மடங்கு!

சரி, தொழிலாளியின் குடுமி?

சியோலில் பியோங்வா சந்தை. அமைதிச் சந்தை என்று அர்த்தம். நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பரண்களில் பதினைந்து வயதுப் பெண்கள் துணி தைத்தார்கள். தினம் பதினாலு மணி நேரம். எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1953-லேயே சட்டம் போட்டாயிற்று. காகிதத்தில் பத்திரமாக இருந்தது. அங்கே துணி வெட்டும் வேலை செய்த ஜியோன் டே இல் என்ற இளைஞர் மனு மேல் மனு போட்டுப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. 1970 நவம்பர் 13. தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு, 'நாங்கள் இயந்திரங்கள் அல்ல' என்று கத்தியபடி ஓடினார். வயது 22.

1987-ல் மக்கள் வீதிக்கு வந்து ஜனநாயகத்தை மீட்டார்கள். கையோடு ஆலை ஆலையாக வேலைநிறுத்தம். சம்பளம் கணிசமாக உயர்ந்தது. ஏற்றுமதி படுத்துவிட்டதா? இல்லை. 1988-ல் முந்தைய வருடத்தைவிட அதிகம்!

ஆக, கூலியைக் கொடுத்தும் வளர்ந்திருக்கலாம். கேட்டு வாங்கும் பலம் தொழிலாளிக்கு வராதவரை யாரும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று இனி யாராவது புள்ளிவிவரம் நீட்டினால், வாங்கிப் பாருங்கள். கூடவே, யார் குடுமி யார் கையில் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.