சித்தப்பாவின் டாட்சனும் 1949ம்

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. வேலை, வெயில், சோம்பேறித்தனம் என்று வழக்கமான காரணங்கள்தான். இப்போ வந்ததுக்குக் காரணம் சித்தப்பா.

பினாங்குக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் நாற்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கார். இருபத்தி மூணு வயசுல சிம்மக்கல் வீட்டிலிருந்து கிளம்பினவர். இப்போ சித்தியும் இல்லை, பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊர். மதுரைக்கே வந்துடறேன்னு முடிவு பண்ணிட்டார். போன் பண்ணினார்.

"ஏண்டா, நீதான் பழைய கதையெல்லாம் தோண்டி எழுதுறவனாச்சே. என் வண்டியை அங்க கொண்டாந்து இறக்க வழி இருக்கான்னு பாரு."

வண்டின்னா, 1975 மாடல் டாட்சன் 120ஒய். அவர் முதன்முதலா சொந்தக் காசில் வாங்கினது. சித்தியை ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைகளை பள்ளிக்கூடத்துக்கு, எல்லாம் அதுலதான். வீட்டுச் சாமானை கண்டெய்னரில் ஏத்துறப்ப அதையும் ஏத்திடலாம், சிம்மக்கல்லிலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலம் தாண்டி அழகர்கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போகலாம்னு மனுஷன் கணக்குப் போட்டு வச்சிருக்கார்.

"பார்த்துச் சொல்றேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன்தான். விதியைத் தேடப் போய் வரலாற்றில் மாட்டிக்கிட்டேன். அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். ஒரு காலத்தில் மதுரையில் ஓடின கார் எல்லாமே கடல் தாண்டி வந்ததுதான். உள்ளூர்க் கார் என்று ஒன்று இருந்தால்தானே வெளிநாட்டுக் கார் என்று தனியா சொல்ல! ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் ஆலை போட்டது, பாகங்களைப் பெட்டி பெட்டியா இறக்கி இங்கே பூட்டுவதற்காக. அந்த வண்டிகளை நம்ம பக்கம் விற்றவர்கள் யாருன்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், டி.வி.எஸ்.தான். 1911ல் தொழிலைத் தொடங்கி, மதுரையைத் தலைமையிடமாக்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம்.

கடல் தாண்டிப் போய் வருவதும் நமக்குப் புதுசில்லை. 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பித்தது. போட் மெயில் மதுரை வழியாத்தான் போகும். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. பாம்பனில் சாலைப் பாலம் வந்தது 1988ல். அதுவரைக்கும் ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு காரைக் கொண்டுபோகணும்னா, மண்டபத்தில் ரயில் வேகனில் ஏத்தணும். அவனவன் வண்டியில் ஊருக்குப் போவான், நம்மூரில் வண்டியே ரயிலில் போகும் :-)

திரும்பி வந்தவர்கள் கதையில் வண்டி எங்கே வருதுன்னு பார்த்தா, வலிக்கிற இடம் பர்மாதான். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அந்தச் சில மாசங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கார் வைத்திருந்த வசதிக்காரர்கள் வடக்கே வண்டி போகிற மட்டும் போய், பாதை முடிகிற இடத்தில் சாவியோடு விட்டுவிட்டு நடந்தார்கள். அதே பர்மாவில் 1964ல் ஜெனரல் நே வின் கடைகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கினபோது இன்னொரு கூட்டம் வந்தது. கையில் எடுத்துவர விட்டதே கொஞ்சம்தான். அதில் காரைப் பத்தி யார் பேச? சித்தப்பாகிட்ட இதைச் சொன்னப்ப, "எனக்கு அவங்க அளவுக்குக் கஷ்டம் இல்லடா, வண்டிதான் வேணும்"னார்.

சரி, கதவு எப்போ சாத்தினாங்க? 1949.

அந்த வருஷம்தான் முழுசா பூட்டின காரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. புதுசா சுதந்திரம் வாங்கின நாடு, கையில் டாலர் இல்லை, உணவு தானியத்தையே வெளியில் வாங்க வேண்டிய நிலைமை. அதே 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். இருக்கிற அந்நியச் செலாவணியை பணக்காரர் வீட்டு செவர்லேக்கா கொடுப்பாங்க? அடுத்து 1953ல், இங்கேயே பாகங்கள் தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று அரசு சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் பம்பாய் ஆலையை மூடியது. ஃபோர்டும் கிளம்பியது. மிஞ்சினது அம்பாசடர், ஃபியட், மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு. ஃபியட்டுக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்த கதை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயே இருக்கும், கேட்டுப் பாருங்க.

இந்த முடிவைத் திட்டுறவங்க நிறைய. நான் திட்ட மாட்டேன். அன்னிக்கு அந்தக் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தா, இன்னிக்கு சென்னையைச் சுத்தி இருக்கிற உதிரிபாகத் தொழில் வளர்ந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான். என் வருத்தம் வேற. சாத்தின காரணம் போன பிறகும் கதவு திறக்கலையே, அதான். (நடுவில் வெளிநாட்டுக் கார் வேணும்கிறவங்களுக்கு ஒரு சந்து இருந்தது. தூதரகக்காரர்கள் விட்டுப்போகிற கார்களை எஸ்.டி.சி. என்ற அரசு வாணிபக் கழகம் வாங்கி விற்கும். பழைய சினிமாவில் வருகிற நீள நீளமான கார்களில் சிலது அப்படி வந்ததுதான்.)

அடுத்த கட்டம் 2001. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா போட்ட வழக்கில் 1999ல் இந்தியா தோற்றது. அதனால் 2001 ஏப்ரல் 1ம் தேதி, மிச்சம் இருந்த 715 பொருட்களின் மேலிருந்த கட்டுப்பாட்டை எடுக்க வேண்டியதாப் போச்சு. அதில் காரும் உண்டு. உடனே எல்லாருக்கும் ஒரே பயம். ஜப்பான்காரன் நாலஞ்சு வருஷம் ஓட்டிட்டுத் தூக்கிப் போடுற கார் எல்லாம் கப்பல் கப்பலா வந்து இறங்கிடுமோன்னு. ஆக, தடையை எடுத்த கையோடு நிபந்தனையைப் போட்டாங்க. பழைய காரா? தயாரிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்டணும். ஹெட்லைட் இடது பக்கம் போகிற போக்குவரத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்னு சான்றிதழ் வேணும். மும்பைத் துறைமுகம் வழியாத்தான் வரணும். நாடு திரும்புறவர் என்பதற்காக மூணு வருஷக் கணக்கில் தள்ளுபடி ஒண்ணும் கிடையாது. வீட்டுச் சாமான் என்று சொல்லி ஏத்தவும் முடியாது, பேக்கேஜ் விதியில் மோட்டார் வண்டி சேர்த்தி இல்லை.

இதில் நம்ம ஆட்கள் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மதுரை, ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து அதிகம் பேர் போறது துபாய், சவூதி, குவைத். அங்கே எல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம். ஆக, நேத்து வாங்கின புது வண்டியா இருந்தாலும் சரி, அதை ஊருக்குக் கொண்டுவர முடியாது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு மட்டும்தான் ஸ்டீயரிங் சரியான பக்கம் இருக்கு. ஆனா எவன் மூணு வருஷத்துக்குள்ள ஊர் திரும்புறான்?

வரியைக் கேட்காதீங்க. சரி, கேட்டதுக்குச் சொல்றேன். சுங்கம், அது மேல ஜி.எஸ்.டி. என்று கூட்டிக்கிட்டே போனா, வண்டியின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரியா மட்டும் வரும். அதுவும் மதிப்புன்னா கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து. 2002ல் ஷூமாக்கர் கையால் சச்சினுக்குக் கிடைத்த ஃபெராரிக்கு ஒரு கோடிக்கு மேல் வரி. அரசு அதைத் தள்ளுபடி செய்யப் போய், வழக்கு வந்து, கடைசியில் ஃபியட் நிறுவனமே கட்டியது. சச்சினுக்கே அந்தக் கதின்னா சித்தப்பா எம்மாத்திரம்!

சுற்றுலா வர்றவங்களுக்கு ஒரு வழி உண்டு. கார்னே என்று ஒரு பத்திரம். ஆட்டோமொபைல் சங்கம் ஜாமீன் நிற்கும், வரி கட்டாமல் ஆறு மாசம் வரைக்கும் இங்கே ஓட்டலாம், அப்புறம் வண்டியை வெளியே கொண்டுபோயே ஆகணும். சித்தப்பா வர்றது சுற்றுலாவுக்கு இல்லையே. இங்கேயே இருந்து சாகிறதுக்குன்னு அவரே சொல்றார்.

இவ்வளவு வரைக்கும் படிச்சிட்டு 'முடியாது'ன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அப்போதான் 2025ல் வந்த மாற்றம் கண்ணில் பட்டது. அதுக்கு முன்னாடி 1950க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் விண்டேஜ் என்ற பெயரில் இறக்குமதிச் சலுகை இருந்தது. அதை மாத்தி, 50 வருஷம் தாண்டின வண்டி எதுவானாலும் வரலாம்னு ஆக்கியிருக்காங்க. 1975 டாட்சன்! ஐம்பது ஆச்சு! ராத்திரின்னும் பார்க்காம போன் போட்டேன்.

சித்தப்பா சந்தோஷத்தில் பேசவே இல்லை கொஞ்ச நேரம். நானும் அவசரப்பட்டுட்டேன். இறக்குமதி ஒரு கதவு. ரோட்டில் ஓட்டணும்னா பதிவு பண்ணணும், அது இன்னொரு கதவு. மறுநாள்தான் அதைப் படிச்சேன்.

விண்டேஜ் வண்டிப் பதிவுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்திருக்கு. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து வரும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனா இரண்டு கொக்கி. ஒண்ணு, வண்டி தயாரான நாளில் இருந்த மாதிரியே, பெரிசா எதையும் மாத்தாமல் இருக்கணும். இரண்டாவது, கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுது பார்க்க, பெட்ரோல் போட என்றுதான் வெளியே எடுக்கலாம். தினப்படி ஓட்டக் கூடாது. அழகர்கோயில் அவுட்.

முதல் கொக்கிதான் கொன்னுடுச்சு. ஏன்னா சித்தப்பா மெக்கானிக். மெக்கானிக் வீட்டு வண்டி தயாரான மாதிரியேவா இருக்கும்? கம்பெனி போட்ட 1200 சிசி ஏ12 இன்ஜினை எடுத்துட்டு ஏ15 போட்டிருக்கார். கியர்பாக்ஸ் அஞ்சு கியர், வேற வண்டியினுது. பிரேக்கும் மாத்தினதுதான்.

விண்டேஜ் வேண்டாம், சாதாரண வண்டியாப் பதிஞ்சுக்கலாம்னு பார்த்தா, வயசு ஒரு பக்கம் இடிக்குது, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இன்னொரு பக்கம் நிற்குது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019ல் அதை உறுதி பண்ணியாச்சு.

இங்கே ஒண்ணு சொல்லியே ஆகணும். இதே மதுரையில் வண்டியை மாத்திக் கட்டுறது பெருமையா இருந்த காலம் ஒண்ணு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தப்ப, கரியை எரித்து வருகிற வாயுவில் வண்டி ஓட்டுகிற கேஸ் பிளாண்ட்டை டி.வி.எஸ்.காரர்கள் செய்து விற்றார்கள். பஸ்ஸோடு ஒரு அடுப்பையே மாட்டிக்கிட்டு ஓடினது. கடல் தாண்டினா யாழ்ப்பாணம். 1990களில் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாதப்ப, அங்கே ஆஸ்டின், மோரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டு பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய். அந்த மெக்கானிக்குகளுக்கு யார் 52வது பிரிவைக் காட்டியிருப்பாங்க? மாத்தினதாலதான் வண்டி உயிரோட இருந்தது. சித்தப்பா டாட்சனும் அப்படித்தான். ஏ15 போடலைன்னா அது என்னைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாக் கேட்டார்.

"பழைய மாதிரி ஏ12 தேடிப் பிடிச்சு மாட்டிட்டா, கண்காட்சிக்காவது வைக்கலாமேன்னு பார்க்கிறேன் சித்தப்பா. இன்ஜின் கிடைக்குமா?"

"கிடைக்கும்டா, தேடினா. ஆனா நான் பண்ணின வேலையை நானே பிரிச்சு, அதுக்கு மேல ரெண்டு மடங்கு வரியும் கட்டி, வீட்டு வாசல்ல நிறுத்திப் பார்த்துக்கிட்டு இருக்கவா?"

எனக்குப் பதில் தெரியலை.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கூட இருந்த பையனிடமே கொடுக்கிறாராம். ஓட்டணும், கழுவி மூடி வைக்கக் கூடாதுங்கிறது மட்டும் நிபந்தனை. பதிலுக்கு இங்கே திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் போடுறாய்ங்களான்னு விசாரிக்கச் சொல்லியிருக்கார். ஒரு பழைய ஃபியட் கிடைச்சாலும் போதும், பார்த்துக்கலாம்கிறார். ஆர்.சி. புக்கில் இருக்கிற இன்ஜினோட கிடைக்கிற ஃபியட்டா பாருங்கன்னு நான் சொன்னேன். சிரிச்சார்.

கண்டெய்னரில் டூல் பெட்டி மட்டும் வருது. மூணு பெட்டி, எல்லாம் நாற்பது வருஷத்து ஸ்பேனர். அதுக்கு கஸ்டம்ஸில் என்ன சொல்லுவாங்கன்னு இப்போ படிச்சிக்கிட்டு இருக்கேன். அண்மையில் யாராவது தொழில் சாமான் கொண்டுவந்திருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.