நியூவார்க் தகரம்

பழைய பீர் டப்பா சேர்க்கும் எங்களுக்கு நியூஜெர்சியின் நியூவார்க்தான் தாய்வீடு. முதன்முதலில் டப்பாவில் அடைத்து விற்ற பீர் இவ்வூர் க்ரூகர் ஆலையுடையது. ஆனால் 1935 ஜனவரி 24 அன்று அது கடைக்கு வந்தது இங்கே அல்ல, தெற்கே ரிச்மண்டில். எடுபடாவிட்டால் சொந்த ஊரில் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். மதுவிலக்கு நீங்கியதே 1933-இல்தான். பதின்மூன்று வருடம் முடங்கிக் கிடந்த ஆலை இன்னொரு அடியைத் தாங்காது. அமெரிக்கன் கேன் நிறுவனம் இயந்திரங்களைத் தன் செலவிலேயே அமைத்துக் கொடுத்து, விற்றால் பணம் தாருங்கள் என்றது. விற்றது.

அக்கால டப்பா கனத்த எஃகு, மூடி தட்டை. இழுத்துத் திறக்கும் வளையமெல்லாம் 1960-களில் வந்தது. கூர்முனைத் திறப்பானால் ஓரத்தில் முக்கோணமாக ஒரு துளை, காற்று நுழைய எதிரே இன்னொன்று. எப்படித் திறப்பதென்று டப்பாவிலேயே படம் போட்டிருப்பார்கள். அந்தப் படம் தெளிவாகத் தெரியும் டப்பாவுக்கு என்னிடம் தனி மரியாதை. துருப்பிடித்து வந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பேன். எழுத்து மெல்ல மேலே வரும்; பொறுக்காமல் தேய்த்தால் வண்ணமும் கூடவே போய்விடும்.

இந்த பீர் கதையில் பேஸ்பால் எங்கே வந்தது? யாங்கீஸ் பேஸ்பால் அணியின் முதலாளி ஜேக்கப் ரப்பர்ட் நியூயார்க்கின் பீர் ஆலைக்காரர். அவர் 1931-இல் நியூவார்க் பேர்ஸ் அணியை வாங்கினார்; மைதானம் ரப்பர்ட் ஸ்டேடியம் ஆனது. 1937-இல் பேர்ஸ், இரண்டாம் இடத்து அணியை இருபத்தைந்தரை ஆட்டம் பின்தள்ளி லீகை வென்றது. பெரிய லீக் கறுப்பர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் நியூவார்க் ஈகிள்ஸ் ஆடியதும் அதே மைதானத்தில்தான். லாரி டோபியும் மான்டி இர்வினும் இருந்த அந்த அணி 1946-இல் நீக்ரோ லீக் உலகத் தொடரை வென்றது. பேர்ஸைவிட ஈகிள்ஸ்தான் இவ்வூரின் பெருமை என்பேன்.

பிறகு பாலன்டைன். மூன்று வளையச் சின்னம் போட்ட நியூவார்க் பீர். யாங்கீஸ் ஒலிபரப்புக்குப் பணம் கொடுத்தது அதுதான். பந்து வேலி தாண்டினால் வர்ணனையாளர் மெல் ஆலன் அதை ‘பாலன்டைன் பிளாஸ்ட்’ என்பார். ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினில், டாட்ஜர்ஸ் அணியின் மைதானத்து ஸ்கோர்போர்டின் உச்சியில் ஷேஃபர் பீர் விளம்பரம். அடி ‘ஹிட்’ என்று முடிவானால் அந்தப் பெயரிலுள்ள எச் எழுத்து எரியும். ‘எரர்’ என்றால் ஈ. விளம்பரமே ஸ்கோரரின் தீர்ப்பைச் சொன்னது! அந்த மைதானத்துக்கு ஷேஃபர் வெறும் விளம்பரதாரர் அல்ல, பாதி ஊர்க்காரர்.

டாட்ஜர்ஸ் 1957 சீசனோடு கலிஃபோர்னியா போனது. தேசம் முழுக்க விற்ற பெரிய ஆலைகளோடு உள்ளூர் ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாலன்டைனின் நியூவார்க் ஆலை 1972-இல் மூடப்பட்டது. ஷேஃபரின் புரூக்ளின் ஆலை 1976-இல்.

பிட்ஸ்பர்க்கின் அயர்ன் சிட்டி பீர் ஆலை 1970-களில் அணிகளின் படம் போட்டு வெளியிட்ட டப்பாக்கள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. பத்திரப்படுத்தவே வாங்கப்பட்டவை அவை, நான் எடுப்பதில்லை. யாரோ ஆட்டம் கேட்டுக்கொண்டே குடித்து எறிந்த, துளை விழுந்த பாலன்டைனுக்கு இரட்டிப்பு விலை கேட்டாலும் கொடுப்பேன்.