டார்ட்மூர் புதைமேடுகளின் கள அளவாய்வு

டார்ட்மூர் புதைமேடுகளின் கள அளவாய்வு என்பது, இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் கவுண்டியில் அமைந்துள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் காணப்படும் வரலாற்றுக்கு முந்தைய ஈமச் சின்னங்களைத் தேடி, அளந்து, வரைபடத்தில் பதியும் தொல்லியல் பணியாகும். 1951 முதல் தேசியப் பூங்காவாக உள்ள டார்ட்மூர் ஏறத்தாழ 954 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கிரானைட் பாறை மீது அமைந்த, புல்லும் புதரும் மண்டிய இந்நிலத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் உழப்படவில்லை. எனவே இங்குள்ள சின்னங்கள் பெருமளவில் எஞ்சியுள்ளன.

சின்னங்களின் தன்மை

இவற்றுள் பெரும்பாலானவை வெண்கலக் காலத்தைச் சேர்ந்த கற்குவைகள். பல குவைகளின் நடுவே, பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட கல்பதுக்கை உள்ளது. சில கற்குவைகளிலிருந்து நடுகல் வரிசைகள் தொடங்குகின்றன. எர்ம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வரிசை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. டிரிசில்கோம் என்னுமிடத்தில் உள்ள பெரிய கற்குவை ஏறத்தாழ 22 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் உயரமும் உடையது.

கற்குவை, கல்பதுக்கை ஆகிய சொற்கள் தமிழகப் பெருங்கற்காலச் சின்னங்களுக்கும் வழங்குகின்றன. அமைப்பு ஒத்திருப்பினும் இவ்விரண்டும் காலத்தாலும் பண்பாட்டாலும் தொடர்பற்றவை.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெவன்சயர் சங்கத்தின் புதைமேட்டுக் குழு அறிக்கைகளை வெளியிட்டு வந்தது. பின்னர் லெஸ்லி கிரின்செல் (1907–1995) இப்பணியை நாடு தழுவியதாக்கினார். வங்கி ஊழியராக இருந்துகொண்டே ஓய்வு நாட்களில் நடந்து சென்று இங்கிலாந்தின் புதைமேடுகளைப் பதிவு செய்தவர் இவர். டார்ட்மூர் குறித்த இவரது பட்டியல் 1978இல் வெளிவந்தது. ஜெரமி பட்லர் வான்வழி நிழற்படங்களையும் பயன்படுத்தி 1991 முதல் 1997 வரை ஐந்து தொகுதிகளாகத் தொல்பொருள் நிலப்படநூலை வெளியிட்டார்.

களப்பணி

பெரணிச் செடிகள் பட்டுப்போகும் குளிர்காலமும் இளவேனிலின் தொடக்கமும் பணிக்கு உகந்தவை. கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில் விழும் நீண்ட நிழல், அரை மீட்டர் உயரமுள்ள மேட்டையும் காட்டிக் கொடுக்கும். விட்டம், உயரம், விளிம்புக் கற்கள், உச்சியில் உள்ள குழி ஆகியவை குறிக்கப்படுகின்றன. வடபகுதியில் இராணுவச் சுடுபயிற்சிக் களங்கள் இருப்பதால் பயிற்சி நேரத்தை முன்னரே அறிந்து செல்ல வேண்டும்.

உண்மையில் கடினமானது அளப்பதன்று, இனங்காண்பதே. வெள்ளீயச் சுரங்கத்தார் கொட்டிய கழிவுக் குவியல்கள், வயலுக்காகப் பொறுக்கிக் குவித்த கற்கள், முயல் வளர்ப்போர் எழுப்பிய நீள்மேடுகள் ஆகிய யாவும் தொலைவிலிருந்து புதைமேடு போலவே தோன்றும். இன்று லேசர் ஒளிக்கற்றை கொண்டு வானிலிருந்து நிலத்தை அளக்கும் லைடார் முறை புதிய மேடுகளைக் காட்டுகிறது. ஆயினும் அது மேடு எனச் சொல்லுமே தவிர, எவ்வகை மேடு எனச் சொல்லாது. அதற்கு ஒருவர் நடந்து சென்று பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலான குவைகளின் உச்சியில் காணப்படும் குழி, புதையல் தேடியவர்களின் வேலை. மதில் கட்டவும் சாலை போடவும் கற்கள் எடுத்துச் செல்லப்பட்டதும் உண்டு. போதாக்குறைக்கு அமில மண் எரிக்கப்படாத எலும்புகளைக் கரைத்துவிடுகிறது. ஆகவே பல சின்னங்களில் அளவும் அமைப்பும் தவிர வேறு சான்று கிடைப்பதில்லை.

வைட்கோர்சு குன்று

சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள இக்குன்றில், முற்றா நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்ட நிலத்தில் எஞ்சி நின்ற ஒரு திட்டிலிருந்து பதுக்கையின் பக்கக்கல் ஒன்று சரிந்து விழுந்தது. அதன் பின்னரே பதுக்கை இருப்பது தெரியவந்தது. திட்டு மேலும் அரிக்கப்பட்டு வந்ததால், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் 2011இல் அகழாய்வு செய்யப்பட்டது. ஏறத்தாழ கி.மு. 1730–1600 காலத்தில் எரியூட்டப்பட்ட இளவயதினர் ஒருவரின் எலும்புகள், கரடித் தோல், மரநார்க் கூடை, காஞ்சொறி இனச் செடியின் நாராலான துணி, வெள்ளீயக் குமிழ்கள் பதித்த பின்னல் பட்டை, அம்பர் உள்ளிட்ட 200க்கும் மேற்பட்ட மணிகள் ஆகியவை கிடைத்தன. காற்றுப் புகாத ஈரமான கரிப்படுகையே இவற்றைக் காத்தது. படுகை வறண்டால் காற்றுப் புகுந்து தோலும் துணியும் மட்கிவிடும். எனவே வெளியே தெரியும் மேடுகளுடன், கரிப்படுகையின் ஆழத்தையும் அரிப்பையும் பதிவதும் தேவையாகிறது.