குழியா, மேடா?

போன மாதம் கண் மருத்துவர் என் ஓசிடி படத்தைத் திரையில் காட்டினார். "இங்க பாருங்க சார், நரம்பு கொஞ்சம் அதிகமாவே குழிஞ்சிருக்கு."

"எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது டாக்டர்?"

"ரொம்ப நாளைக்கு அப்படித்தான் தெரியும்" என்றார்.

அந்தப் பதில் தூங்கவிடவில்லை. அந்தக் குழியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

விழித்திரையிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பு இழைகள் ஒன்றுகூடி, சல்லடை போன்ற ஒரு திசுவின் துளைகள் வழியே கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அந்த வாசல்தான் நரம்புத் தலை. அங்கே சிறு குழிவு பெரும்பாலோருக்கு உண்டு. அது பெரிதாகிக்கொண்டே போனால் கிளாக்கோமா.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்நோக்கியை வெளியிட்ட பிறகுதான் மருத்துவர்கள் உயிருள்ள கண்ணுக்குள் அந்த இடத்தைப் பார்த்து ஆராய முடிந்தது. பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபொன் கிராஃபே பார்த்தார், வியன்னாவில் எடுவர்ட் யேகர் பார்த்தார். 1854இல் இருவரும் சொன்னது ஒன்றே: கிளாக்கோமாவில் நரம்புத் தலை மேடாக வீங்கியிருக்கிறது!

இரண்டு பேருமே தேர்ந்த கண்கள். ஆனால் அந்தக் கருவியில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க முடியும், ஆழம் தெரியாது. நிழலையும் ரத்தக் குழாய்களின் வளைவையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். நிலவின் பள்ளங்களைப் படத்தில் தலைகீழாகத் திருப்பினால் மேடாகத் தெரியுமே, அந்த மாதிரி.

கிராஃபேயின் மாணவர் அடோல்ஃப் வெபர் அது குழிவுதான் என்று கண்டார். கிராஃபே தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஹைன்ரிஷ் ம்யூல்லர் இறந்தவர்களின் கண்களை அறுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார்.

சின்னத் திருத்தமில்லை இது. வீக்கம் என்றால் அழற்சி. குழிவு என்றால் உள்ளிருந்து ஏதோ அழுத்துகிறது. 1857இல் கிராஃபே கருவிழிப்படலத்தின் ஒரு துண்டை வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை அறிவித்தார். பார்வை போய்விடும் என்று கைவிடப்பட்டிருந்த கடும் கிளாக்கோமா நோயாளிகள் பலருக்கு அது பார்வையைக் காத்தது. 1870இல், 42 வயதிலேயே அவர் இறந்துபோனார்.

1991இல் அறிமுகமான ஓசிடி, ஒளியைக் கொண்டு ஆழத்தையே மைக்ரான் கணக்கில் அளக்கிறது. ஊகத்துக்கு அங்கே இடம் குறைவு. ஆனால் போன இழைகளை அதனாலும் திருப்பித் தர முடியாது.

இப்போது தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன். 'எனக்கு எல்லாம் தெரியுது' என்ற என் சாட்சியை மட்டும் நான் நம்புவதில்லை. கிராஃபேயின் கண்களே ஏமாந்திருக்கின்றனவே.