இயற்கைப் புகைப்படமும் நடுநிலைத் திறனாய்வும்

ஒரு நூல் உலகிற்குச் செல்லுமுன் அதன் குற்றமும் குணமும் ஆராயப்படுதல் தமிழர்க்குப் புதிதன்று. புலவர் தம் படைப்பை அவையில் அரங்கேற்றினர். அவையோர் ஐயங்களை எழுப்பினர். தக்க விடை கேட்டபின்னரே ஏற்றனர். நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொன்னதோடு நில்லாமல், பத்து அழகுகளையும் உடன் வகுத்தார். குற்றம் காண்பவன் அழகையும் காணக் கடமைப்பட்டவன் என்பதே அவ்வகுப்பின் உட்பொருளாகும். எழுத்துக்கு அமைந்த இந்நெறி, காட்டையும் உயிரினத்தையும் படம்பிடிக்கும் கலைக்கும் பொருந்துவதே.

இக்கலையின் வரலாறு நெடியதன்று. வேட்டைத் துப்பாக்கி ஆட்சிசெய்த காலத்தில், 1920களில், வட இந்தியக் காடுகளில் பணியாற்றிய வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது மிதித்தவுடன் ஒளி பாய்ந்து படம் பதியுமாறு செய்தார். அவருடைய முதல் நூல் 1927இல் வெளிவந்தது. புலியைக் கொல்லாமலும் அதன் பெருமையைக் காட்டலாம் என்பதை அப்படங்கள் மெய்ப்பித்தன.

தமிழகத்தில் இத்துறைக்குப் பெருமை சேர்த்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் பிறந்தார். 1950 முதல் 1996இல் மறையும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகளை எழுதிவந்தார். தமிழிலும் எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து உருவாக்கிய படக்கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே யானையையும் காட்டெருமையையும் பதிவுசெய்தார். அவருக்குப் படம் என்பது விலங்கின் இயல்பை அறிவிக்கும் சான்று.

மலாயாவிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1915இல் கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவிற் புகலடைந்து, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பைப் பெற்றார். பறவையை நன்கறிந்தவர் அருகிருக்கப் படமெடுக்கும் பேறு அவருக்கு வாய்த்தது. அவர் எழுதிய பறவைப் படநூல் 1957இல் வெளிவந்தது. 1964இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கருவியறிவும் உயிரறிவும் கைகோத்தாலன்றி இக்கலை சிறவாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இனி, இத்தகைய படத்தை மதிப்பிடுவோர் எதனை அளவுகோலாகக் கொள்வது? பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும், அமெரிக்க, பிரிட்டானியக் கழகங்களும் 2014இல் ஒரு பொது வரையறையை ஏற்றன. படத்தில் இல்லாததைச் சேர்த்தலும் இருப்பதை நீக்கலும் கூடா. அழகினும் படம் சொல்லும் இயற்கைச் செய்தியே மேலானது என்பன அதன் சாரம். இவ்வரையறையின் தேவையை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டி காட்டியது. அங்கு 2009இல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என நடுவர்கள் கருதியதால் 2010இல் நீக்கப்பட்டது. 2017இல் ஒளிரும் கறையான் புற்றருகே எறும்புத்தின்னி நிற்பதாகப் பரிசு பெற்ற படமும், அது பாடம் செய்யப்பட்ட உடலே என அறிஞர்கள் ஆராய்ந்து கூறியபின் 2018இல் நீக்கப்பட்டது. எடுத்தவர்கள் இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். எனினும் அழகு மட்டும் நடுவர்க்குப் போதாது என்பது உறுதியாயிற்று.

இவ்வுண்மை கோலசிலாங்கூர் வட்டாரத்திற்கு மிக நெருக்கமானது. புக்கிட் பெலிம்பிங் பகுதியில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணைகின்றன. அவ்வொளி ஆண் பெண்ணை அழைக்கும் மொழி. அதன் புழுப்பருவமோ ஆற்றோர ஈரநிலத்தில் நத்தைகளை உண்டு கழிகிறது. மரம் நின்றாலும் அந்நிலம் அழிந்தால் ஒளியும் அழியும். ஆற்றுக்கு அப்பால் விரிந்திருப்பது செம்பனை. இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அமைந்ததும் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான்.

மின்மினி மரத்தின் படத்தை மாணவன் ஒருவன் கொண்டுவந்தால், ஆசிரியர் முதலிற் கேட்கத்தக்கது, 'இப்படத்தில் எத்தனை நிமிடம் அடங்கியுள்ளது?' என்பதாகும். பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கண் ஒருபோதும் காணாத ஒளிவெள்ளம் தோன்றும். அதனைச் சொல்லிக் காட்டுதல் கலை. மறைத்துக் காட்டுதல் பொய். அடுத்து, பளிச்சொளி வீசப்பட்டதா என வினவுதல் வேண்டும். இணையை அழைக்கும் உயிரின் மொழியைக் குலைத்துப் பெற்ற படம், எத்துணை அழகாயினும் பாராட்டுக்குரியதன்று.

மெலாவத்தி குன்றின் வெள்ளிநிறக் குரங்குகளும் நல்ல பாடமாகின்றன. தாய் சாம்பல் நிறம். குட்டி செம்பொன் நிறம். இதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செய்தியே மறைந்துவிடும். ஆகவே கிருஷ்ணன் கைக்கொண்ட வழியைக்கூட எல்லாப் படத்திற்கும் விதியாக்கலாகாது. மேலும், வருவோர் தரும் உணவுக்குக் கைநீட்டும் குரங்கைக் காட்டுக் குரங்கெனத் தலைப்பிட்டால் தலைப்பே குற்றமுடையது; உண்மையைத் தலைப்பிட்டால் அதுவே சிறந்த சான்றாகும்.

திறனாய்வுக்குத் தமிழ் மரபே ஒரு சட்டகம் தருகிறது. நிலமும் பொழுதும் விளங்குகின்றனவா என்பது முதற்பொருள் பற்றிய வினா. உயிர் தன் சூழலோடு தோன்றுகிறதா என்பது கருப்பொருள் பற்றியது. அதன் வாழ்வின் செயல் ஏதேனும் புலப்படுகிறதா என்பது உரிப்பொருள் பற்றியது. இம்மூன்றையும் நோக்கியபின் ஒளி, கூர்மை, சட்டம் ஆகியவற்றை நோக்கலாம்.

சொல்லும் முறையும் சிந்திக்கத்தக்கது. 'நன்று' என்னும் ஒரு சொல் எதனையும் கற்பிக்காது. 'பயனில்லை' என்பதோ கருவியையே கீழே வைக்கச் செய்துவிடும். 'குட்டியின் கண் தெளிவாக உள்ளது. பின்னுள்ள வெண்சுவர் பார்வையை ஈர்க்கிறது. இரண்டடி இடப்புறம் நகர்ந்திருந்தால் சுவர் மறைந்திருக்கும்' என்பதே பயனுள்ள மதிப்புரை. அதில் குணம் உண்டு, குற்றம் உண்டு, மறுநாள் செய்யத்தக்க செயலும் உண்டு. அது எடுத்தவனைச் சுட்டாமல் எடுத்த படத்தையே சுட்டுகிறது.

பொய்ப்படத்தைப் புகழ்ந்தால் அடுத்தவன் மின்மினிமீது ஒளி பாய்ச்சுவான். மெய்ப்படத்தை இகழ்ந்தால் ஆற்றங்கரையைக் கூர்ந்து நோக்கும் ஒரு கண் மூடிவிடும். இரண்டாலும் இழப்பு ஆற்றுக்கே. கற்பிப்போரும் கற்போரும் நடுநிலை பிறழாது மதிப்பிடுவராயின், படக்கலை மட்டுமன்றி, படத்திற்குரிய உயிரும் வாழும்.