மூணாறும் மூணாறு தலைப்பும்: 1924 பெருவெள்ளமும் காவிரிப் படுகையும்

மூணாறு என்னும் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காவிரிப் படுகையிலும் வழங்குகிறது. இடுக்கி மாவட்டத்து மூணாறில் முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் ஒன்றுசேர்கின்றன. திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள மூணாறு தலைப்பிலோ ஓர் ஆறு மூன்றாகிறது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு, இங்கு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. முதல் மூணாறின் நீர் பெரியாற்றில் கலந்து மேற்கே செல்வதால் இரண்டுக்கும் ஆற்று வழித் தொடர்பு இல்லை. ஆயினும் 1924ஆம் ஆண்டில் ஒரே பருவமழை இரு பக்கங்களையும் தாக்கியது.

மலையில் மழை, சமவெளியில் வெள்ளம்

நீடாமங்கலம் வட்டாரத்துக்கு உள்ளூரில் மழை தருவது வடகிழக்குப் பருவமழை. ஆடியில் ஆற்றில் வரும் புதுவெள்ளமோ குடகு, வயநாடு, நீலகிரி மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நீர். குடகின் தலைக்காவிரியில் காவிரி தோன்றுகிறது. வயநாட்டிலிருந்து கபினியும் நீலகிரியிலிருந்து பவானியும் வந்து சேர்கின்றன. ஆகவே மலையின் நிலைதான் சமவெளியின் குறுவையையும் சம்பாவையும் தீர்மானிக்கிறது.

1924 ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாறு மலைப்பகுதி மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. தேயிலை ஏற்றிச் சென்ற குண்டலைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. கேரளத்தில் இது கொல்ல ஆண்டு 1099ஐ ஒட்டி ‘தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்’ எனப்படுகிறது. அதே மாதத்தில் காவிரியிலும் பெருவெள்ளம் வந்து கரையோர ஊர்களைப் பாதித்தது.

அணையும் அதன் எல்லையும்

அதே ஆண்டு பிப்ரவரி 18 அன்று சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே காவிரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அதன் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்துக்கு முறையாகத் திறக்க இது வழிசெய்தது. ஜூன் 12 அணை திறக்கும் வழக்கமான நாளாயிற்று. ஆனால் அணை, தனக்கு வந்து சேரும் நீரைத்தான் தேக்கும்; மலைச்சரிவைக் காக்காது. ஆறு கொண்டுவரும் வண்டலும் நீர்த்தேக்கத்தில் படிகிறது. அணையின் கொள்ளளவு குறைவதோடு, வயல்களுக்கு வர வேண்டிய வண்டலும் குறைகிறது.

2018 தந்த பாடம்

2018 ஆகஸ்டில் குடகில் மடிக்கேரியைச் சுற்றிப் பல இடங்களில் மண் சரிந்தது. சாலைக்கும் கட்டடங்களுக்கும் சரிவுகளை வெட்டுவது மலை மண்ணின் பிடிப்பைக் குலைக்கிறது. அம்மாதம் மேட்டூரிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் மதகுகள் உடைந்தன. மொத்தம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. உபரிநீர் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனபோது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டனர். ஒரே ஆண்டில் வெள்ளமும் தட்டுப்பாடும் சேர்ந்தே நின்றன.

காடு அடர்ந்த சரிவு மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, மழை நின்ற பின்னும் ஓடைகளில் மெல்லக் கசியவிடும். காடு அழிந்த சரிவில் நீர் ஒரே மூச்சில் மண்ணோடு இறங்கிவிடும்; பின்னர் ஓடை வறளும். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, மலையைச் சூழல் உணர்திறன் மண்டலங்களாகப் பிரித்துப் பாதுகாக்கப் பரிந்துரைத்தது. மலை மாநிலங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அங்கு வாழ்வோரின் நிலவுரிமையும் பிழைப்பும் உண்மையான கேள்விகளே. எனினும் மலைநிலம் பற்றிய முடிவின் பலனை அனுபவிப்பவர்களில் நீடாமங்கலத்து உழவரும் ஒருவர். மேட்டூரில் எவ்வளவு நீர் திறப்பது என்ற பேச்சோடு, குடகிலும் வயநாட்டிலும் எவ்வளவு காடு மிஞ்சும் என்ற பேச்சும் காவிரிப் பங்கீட்டில் இடம்பெற்றால்தான் மூணாறு தலைப்பில் பிரிக்க நீர் இருக்கும்.