சரபத்தும் மணப்பாகும்

சிங்கப்பூரில் பாக்தாத் தெருப் பக்கத்து இந்திய முஸ்லிம் தேநீர்க் கடையில் ‘தே சரபத்’ என்று கேட்பவர்க்குக் கிடைப்பது, இஞ்சிச் சாறு கலந்த சூடான பால் தேநீர். மதுரையில் ‘சர்பத்’ என்று கேட்டாலோ நன்னாரிப் பாகும் எலுமிச்சைச் சாறும் கலந்த குளிர்நீர் வரும். சொல் ஒன்றே, ஓரூரில் கொதிக்கிறது, மற்றோரூரில் குளிர்கிறது.

இச்சொல் அரபு மொழியில் ‘பருகுதல்’ எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்தது. தமிழில் அது சர்பத்து ஆயிற்று. மலாய் மொழியில் செர்பத் ஆயிற்று. அதே அடி மேற்கே சென்று ஐரோப்பிய மொழிகளில் ‘சிரப்’ எனத் திரிந்து, மலாய் மொழிக்கு ‘சிராப்’ என வந்து சேர்ந்தது. ரோஜாப் பாகில் பால் கலந்த ‘சிராப் பண்டோங்’ இன்றும் சிங்கப்பூரில் மிகுதியாகப் பருகப்படுவது. அதனையும் தே சரபத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பருகுவோர், பல நூற்றாண்டுகட்கு முன் பிரிந்த இரு உடன்பிறப்புகளைத் தம்மையறியாமலே சேர்த்து வைத்தவராகின்றனர்.

தமிழில் இப்பொருளுக்குப் பெயர் இல்லாமற் போகவில்லை. வெல்லம் கரைத்துச் சுக்கும் ஏலமும் சேர்த்த பானகம் அன்றன்றே கரைத்துப் பருகுவது, சேமித்து வைப்பதற்குரியதன்று. சாற்றைச் சர்க்கரையிற் காய்ச்சிப் பல நாள் வைத்துக்கொள்ளும் பாகுக்கு ‘மணப்பாகு’ என்று பெயர். சித்த மருத்துவர் வகுத்த 32 அகமருந்துகளுள் அஃது ஒன்று. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம், என்று வரையறுத்த அவர்கள், மணப்பாகுக்கு 6 மாதம் கொடுத்தனர். மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு என்னும் பெயர்கள் மருந்துக் கடைகளில் இன்றும் வழங்குகின்றன. கடைத்தெருவிலும் அடுக்களையிலுமோ சர்பத்தும் சிரப்பும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. ‘சிரப்’ என்பதற்குப் புதுச்சொல் தேடி அலைவோர் இப்பழஞ்சொல்லை மருந்தறையிலிருந்து எடுத்து வந்தாலே போதும்.

மூன்று மணி எங்கே, ஆறு மாதம் எங்கே! வேறுபாட்டுக்குக் காரணம் சர்க்கரையே. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை சேர்ந்துவிட்டால் நீரை அது பற்றிக்கொள்கிறது; நுண்ணுயிர் பெருகுவதற்கு வேண்டிய நீர் கிடைப்பதில்லை. சர்க்கரை மிகுந்தால் பாகு கற்கண்டாய் உறைந்துவிடும். அதனைத் தடுக்கவே காய்ச்சும்போது சிறிது எலுமிச்சைச் சாறு விடுவது வழக்கம். புளிப்பு சர்க்கரையைப் பிளந்து உறையவொட்டாமற் செய்கிறது. எலுமிச்சைப் பாகே செய்வதாயின் சாற்றை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடலாகாது, மணம் போய்விடும். பாகை இறக்கி ஆறவிட்டு அதன்பின் சாற்றைச் சேர்த்தல் வேண்டும். சிங்கப்பூரில் தொட்டிச் செடியாகவும் வளரும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறிய எலுமிச்சைக்கும் முறை இதுவே. பாண்டான் இலையை முடிந்து பாகிலிட்டுப் பின் எடுத்துவிடுவது அந்நாட்டு அடுக்களை வழக்கம்.

பாகுக்கு வேண்டிய சர்க்கரையும் கனியும் ஒருகாலத்தில் இத்தீவிலேயே விளைந்தன. அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியர் 1830களில் கரும்புத் தோட்டம் வைத்தார். சிராங்கூன் சாலையோடு வந்து சேரும் பாலஸ்டியர் சாலை அவர் பெயரையே தாங்குகிறது. அவ்வாலை நிலைக்கவில்லை. மறுபுறம் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கமெல்லாம் சாதிக்காய்த் தோட்டங்கள். மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி 1837-ல் 173 ஏக்கர் நிலம் பெற்றுச் சாதிக்காய் பயிரிட்டார். 1848-ல் அப்பயிரைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். வணிகர் கண்ணெல்லாம் கொட்டையிலும் அதனைச் சுற்றிய பத்திரியிலுமே இருந்தது. கனியின் பெரும்பகுதி அதன் தடித்த சதை. துவர்ப்பும் புளிப்புமான அச்சதை கப்பலேறும் சரக்கன்று. ஆனால் மெல்லிய துண்டுகளாக அரிந்து சர்க்கரையில் வேகவைத்து வடித்தால் நறுமணமுள்ள பாகாகும் பொருள் அதுதான். 1850களின் நடுவில் மரங்களை நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. பினாங்கிலோ சாதிக்காய் இன்றும் விளைகிறது. பாலிக் புலாவ் பகுதியில் அதன் சதையிலிருந்து செய்யும் பானம் ஊருக்கே அடையாளமாக விற்கப்படுகிறது. சிங்கப்பூரில் 1883-ல் பிரேசரும் நீவும் சோடாத் தொழில் தொடங்கினர். தோட்டத்துப் பாகுக்குப் புட்டிப் பானம் போட்டியாக வந்தது.

ஆக்ஸ்லியின் நிலத்தில் ஒரு பகுதியை நகரத்தார் வாங்கினர். அங்கே 1859-ல் எழுந்தது டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் காவடி சுமந்து நடப்போர் அக்கோயிலில்தான் வந்து முடிக்கின்றனர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் அவர்கட்கும் உடன் வருவோர்க்கும் பானம் வழங்குவர். அங்கே ஊற்றப்படும் பாகு பெரும்பாலும் கடைப்புட்டியிலிருந்து வருவது.